மோரில் ஊறாத கிழங்கு

மூலிகைக் கூடம், செவ்வாய்க் கோள்
பதிவு: இசக்கியம்மாள், தாவர வேதியியலர்

நாள் 611. காலை 07:10

உள்வெப்பம் சரி. ஈரப்பதம் சரி. நீர்ச்சுழற்சி சரி. செடிகள்தான் சரியில்லை.

இந்தப் பதிவைப் பின்னால் கண்டெடுப்பவர் யாராக இருந்தாலும், முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். விஷச் செடிகளைச் சாப்பாட்டுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்க்கக் கூடாது என்பதால் தள்ளி வைத்திருக்கிறார்கள் என்பது காகிதத்தில் உள்ள காரணம். என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட எவரும் தயாராக இல்லை என்பது நிஜமான காரணம். எனக்கும் அதில் வருத்தமில்லை. ஒரு புல்கூட முளைக்காத சிவப்புப் பாறைக்குப் 'பொதிகை நிலையம்' என்று பெயர் வைத்துப் பூரித்துப்போகிற கூட்டத்தோடு உட்கார்ந்து என்னத்தைப் பேசுவது?

அந்தப் பொதிகை இங்கிருந்து இரண்டு நாள் பயணம். ஓட்டுநர் இல்லாத ஒரே ஒரு சரக்கு வண்டி போய் வருகிறது. செய்திக்கோள் காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் தலைக்கு மேல் கடக்கும். அப்போது குரல்பதிவுகள் வரும், போகும். நேருக்கு நேர் பேச வழியே இல்லை. இந்த ஏற்பாட்டைச் செய்த புண்ணியவானுக்குக் கோயில் கட்டலாம்.

இன்றைய சோதனை: நிலவேம்பில் கசப்புச் சேர்மம் பூமியில் இருக்கும் அளவில் பாதி. கீழாநெல்லி அதைவிட மோசம். கண்வலிக்கிழங்கில் அதன் நச்சுச் சேர்மமான கொல்சிசின் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வெட்கங்கெட்ட செடிகள்.

நாள் 612. மாலை 17:40

பொதிகையின் திட்ட மேலாளரிடமிருந்து வந்த செய்தி: "மேடம், போட்டோல எல்லாச் செடியும் பச்சப் பசேல்னு இருக்கு. சத்து மட்டும் இல்லேங்கறீங்க. பாட்டு கீட்டுப் போட்டுப் பாக்கலாமா?"

பாட்டுப் போட வேண்டுமாம்.

அந்த மேதைக்குப் புரியாது, உங்களுக்காவது சொல்கிறேன். எந்தச் செடியும் மனிதனுக்காக மருந்து செய்வதில்லை. புழு கடிக்கிறது, ஆடு மேய்கிறது, பூஞ்சை ஏறுகிறது, வெயில் வறுக்கிறது. செடியால் எழுந்து ஓட முடியாது. அதனால் கடிக்கிறவனின் நாக்கைக் கசக்க வைக்கவும், குடலை முறுக்கவும், இதயத்தை நிறுத்தவும் ஏதாவது ஒரு சேர்மத்தைத் தயாரித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. அதைத் துளி எடுத்தால் மருந்து என்கிறோம். கொஞ்சம் கூட எடுத்தால் பாடை கட்டுகிறோம். திட்டத்தின் விளம்பரப் புத்தகத்தில் 'இயற்கை அன்னையின் கொடை' என்று அச்சடித்திருக்கிறார்கள். கொடையும் இல்லை, அன்னையும் இல்லை. செடிக்கு நம்மைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான்.

இங்கே புழு இல்லை, ஆடு இல்லை, காற்றுகூட வடிகட்டியது. வேளாவேளைக்குத் தண்ணீர், அளந்து வைத்த வெளிச்சம். மாமியார் வீட்டில் உட்கார்ந்து தின்கிற மாப்பிள்ளை மாதிரி கொழுத்துக் கிடக்கின்றன. எவர் மேலும் கோபமில்லாத செடியில் மருந்து எங்கிருந்து வரும்?

நாள் 615. காலை 07:35

பொதிகை மருத்துவர் திருமேனியின் குரல்பதிவு. அப்படியே எழுதிவைக்கிறேன்.

"மேடம், உங்க தங்கச்சி பேச்சித்தாய்க்கு ஒரு வாரமா காய்ச்சல். இப்ப நெஞ்சு வலியும் சேந்துக்கிச்சு. படுத்தா கூடுது, முன்னால சாஞ்சு உக்காந்தா கொறையுது. இதயத்தச் சுத்தியிருக்கற உறை வீங்கி நீர் கோத்திருக்கு. இதுக்குக் குடுக்கற கொல்சிசின் மாத்திரை நம்ம ஸ்டாக்ல கதிர்வீச்சுல கெட்டுப்போச்சு. அடுத்த கப்பல் வர எட்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் தாங்காது மேடம். நீர் இன்னும் ஏறினா இதயத்த நெரிச்சிடும். உங்ககிட்ட கண்வலிக்கிழங்கு இருக்குல்ல, அனுப்புங்க."

பேச்சி பொதிகையின் காற்றுக்குழாய்களைப் பழுது பார்ப்பவள். என்னைவிட ஒன்பது வயது இளையவள். நான் மதிக்கிற மனிதர்களை ஒரு கை விரலில் எண்ணலாம், நான்கு விரல் மிச்சம் இருக்கும். நான் இந்தக் கோளுக்கு வந்ததே அவளால்தான். "வாக்கா, அங்க மனுசங்க கொஞ்சமாத்தான் இருப்பாவ, ஒனக்குப் புடிக்கும்" என்று சொல்லிக் கூட்டிவந்தாள்.

செங்காந்தள் பூவைப் பார்த்து உருகுகிற ஊரில் அதன் கிழங்கைத் தின்று செத்தவர்களும் உண்டு. கண்வலிக்கிழங்கு அந்தச் செடியின் கிழங்குதான். உள்ளே இருப்பது கொல்சிசின். மருந்தாகும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் நடுவில் அதிக இடமில்லை. முறிவு மருந்து கிடையாது.

நாள் 615. மாலை 17:50

வண்டி கிளம்பிவிட்டது. கரைசலாக அனுப்பினால் வழியில் உறைந்து குப்பி வெடிக்கும் என்பதால் கிழங்கைத் துண்டு போட்டு உலர்த்தி அனுப்பினேன். ஒரு பொட்டலம் ஒரு வேளை, கொதிக்கவைத்து வடித்து, தினம் காலை எட்டு மணிக்கு. அளவை மூன்று முறை சோதித்தேன்.

கூடவே குரல்பதிவும் அனுப்பினேன். அதில் பாதி திட்டு. மீதிப் பாதி இது: மோரில் ஊறவைக்காதீர்கள்.

விளக்குகிறேன். நஞ்சுள்ள மூலிகையைச் சுத்தி செய்யாமல், அதாவது நஞ்சைக் குறைக்காமல், கொடுக்கக் கூடாது என்பது சித்த மருத்துவ வழக்கம். கண்வலிக்கிழங்கை நறுக்கி உப்பு மோரில் ஊறப்போட்டு, காயவைத்து, மறுபடி ஊறப்போடுவார்கள். கிழங்கில் எவ்வளவு நஞ்சு இருக்கிறது என்று அளக்கவே முடியாத காலத்தில் அது புத்தியுள்ள வேலைதான். நான் கருவியில் அளந்து கொடுத்த கிழங்கில் அதைச் செய்தால், மருந்தை மோரில் கரைத்துச் சாக்கடையில் ஊற்றுவதாகும். திருமேனி சித்த மருத்துவம், ஆங்கில மருத்துவம் இரண்டும் படித்தவர். இரண்டிலும் பாதிப் பாதி நம்பிக்கை வைத்திருப்பவர். எது சொன்னாலும் 'சரிங்க மேடம்' என்பார்.

நாள் 618. காலை 07:40

திருமேனி: "சரிங்க மேடம். பொட்டலம் வந்துடுச்சு."

அடுத்த தவணைக்காகச் செடிகளை வதைக்கத் தொடங்கியிருக்கிறேன். கண்வலிப் பாத்திகளுக்குத் தண்ணீர் நிறுத்தம். விளக்கை உச்சத்தில் வைத்தேன். இலைகளை ஊசியால் குத்துகிறேன். புழு செய்ய வேண்டிய வேலையைப் பட்டம் வாங்கியவள் செய்கிறேன்.

பேச்சி போன வருடம் என் பையில் திணித்த ஜாதிமல்லி அத்தர் ஒன்று கிடந்தது. 'கொஞ்சமாச்சும் பொம்பள மாதிரி மணக்கட்டும்' என்று. மல்லிகை மணத்தில் ஜாஸ்மோனேட் என்ற சேர்மம் இருக்கிறது. கடிபட்ட செடிகள் காற்றில் விடுகிற அபயக்குரலும் அதே சேர்மம்தான். நாம் தலையில் சூடிக்கொண்டு கல்யாணத்துக்குப் போகிறோம். செடிகளுக்கு அது பக்கத்து வீட்டு ஒப்பாரி. காற்றோட்டத்தில் அத்தரைச் சொட்டினேன். கூடம் முழுவதும் மண்டபம் மாதிரி மணக்கிறது. அருவருப்பாக இருக்கிறது. செடிகள் பயந்தால் சரி.

நாள் 619. மாலை 17:45

திருமேனி: "மேடம், நீங்க கவலப்படாதீங்க. கெழங்க மோர்ல போட்டிருக்கேன். பால்பவுடர் மோர்தான், ஆனா நல்லாப் புளிச்சிருக்கு. நாளைக்குக் காலைல எடுத்துக் குடுத்துடறேன்."

மூன்று முறை கேட்டேன். தவறாகக் கேட்கவில்லை.

அனுப்பிய பதிலை இங்கே எழுத மாட்டேன். இதை நீங்கள் குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கலாம். சுருக்கம்: உடனே எடு, மோர் படாத புதுப் பொட்டலத்தைக் கொடு, பேச்சியை நெஞ்சு நெரிந்து சாக விடாதே.

என் பங்குக்கு நானும் பால்பவுடரில் மோர் செய்து சில துண்டுகளை ஊறப்போட்டேன். இந்த மடத்தனம் எவ்வளவு மருந்தைத் தின்னும் என்பதாவது தெரியட்டும்.

நாள் 620. காலை 07:40

திருமேனி: "சரிங்க மேடம். புரிஞ்சுது மேடம்."

நாள் 623. காலை 07:40

திருமேனி: "மேடம், பேச்சிக்கு முன்னேற்றம் இல்ல. நீர் கூடியிருக்கு. நீங்க கோவிச்சுக்காதீங்க... மனசு கேக்கல மேடம். எல்லாப் பொட்டலத்தையும் ஊறவெச்சுத்தான் குடுத்தேன். நஞ்சுப் பொருள சுத்தி பண்ணாம ஒரு உசுருக்குக் குடுக்க எனக்குக் கை வரல. இனிமே ஊறவைக்கல. சத்தியமா."

சத்தியமாம். இது இவருடைய மூன்றாவது 'சரி'.

ஒரு ராத்திரி ஊறவைத்து எடுத்திருந்த என் துண்டுகளைக் கருவியில் போட்டேன். மருந்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். என் தங்கை இத்தனை நாளாகக் குடித்தது மோர்க் கஷாயம்.

பின்னால் பேச்சியின் குரலும் இருந்தது. மூச்சு வாங்கியது. "ஏக்கா, டாக்டர ரொம்பத் திட்டாத. பாவம், கண்ணு கலங்கிட்டு. நான் உக்காந்துக்கிட்டேதான் தூங்குதேன். வேற ஒண்ணுமில்ல."

நாள் 624. மதியம் 13:20

முடிவெடுத்துவிட்டேன். பெருமையாகவே இருக்கிறது.

வதைத்த செடிகளில் கொல்சிசின் மூன்று மடங்காகிவிட்டது. அந்தக் கிழங்கைத் துண்டு போட்டேன். மீதிக் கிழங்கைக் காய்ச்சிக் குழம்பாக்கி, அந்தத் துண்டுகளில் ஏற்றி மறுபடி உலர்த்தினேன். இப்போது ஒரு பொட்டலத்தில் பழைய அளவைப்போல் பத்து மடங்கு. எடை அதே. நிறம் அதே. ஒரு பொட்டலத்தை அதேபோல் ஒரு ராத்திரி என் மோரில் ஊறவைத்துச் சோதித்தேன். மிஞ்சியது கச்சிதமாக ஒரு வேளை மருந்து.

மனிதர்களைத் திருத்த முடியாது. ஆனால் அளக்க முடியும். திருமேனியின் மடத்தனத்தை ஒரு எண்ணாக மாற்றி என் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். அவர் சுத்தி செய்து திருப்திப்படட்டும், என் தங்கை பிழைக்கட்டும்.

அவரிடம் சொல்லப்போவதில்லை. பத்து மடங்கு என்று கேட்டால் மனிதர் நடுங்கிப்போய் இரண்டு வாரம் ஊறவைப்பார். குரல்பதிவில் வழக்கமான திட்டுகளோடு வழக்கமான வரியையும் சொன்னேன்: ஊறவைக்காதீர்கள். அதை மாற்றினால் சந்தேகப்படுவார்.

ஒருவேளை இந்த முறை சொன்னபடி கேட்டுவிட்டால்? யோசித்தேன். சிரிப்புத்தான் வந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

நாள் 625. மாலை 16:30

புழுதிப் புயல். சூரியத் தகடுகள் மூடிக்கொண்டன. மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு. செடிகளின் வெப்பமூட்டிகளுக்கே போதவில்லை. ஒலிபரப்பியை அணைத்துவிட்டேன். செய்தி வாங்கும் கருவி மட்டும் ஓடுகிறது, அதற்குச் சொற்ப மின்சாரம் போதும். பொதிகைக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சொல்ல வேண்டிய திட்டெல்லாம் சொல்லியாகிவிட்டது.

நாள் 627. மாலை 17:48

திருமேனியின் பதிவு.

"மேடம், நல்ல செய்தி. நேத்து ராத்திரி பொட்டலம் வந்துச்சு. இன்னைக்குக் காலைல மொத வேளை குடுத்தாச்சு. நீங்க சொன்னபடி ஊறவைக்காம, அப்படியே வடிச்சுக் குடுத்துட்டேன். இத்தன நாள் உங்க பேச்சக் கேக்காததுக்கு மன்னிச்சிடுங்க. இந்தாங்க, அவளே பேசறா."

பேச்சி. "ஏக்கா, இந்த டாக்டர் மறுபடியும் மோர்ச் சட்டியத் தூக்கிட்டு வந்தாரு. நான் புடுங்கிக் கீழ ஊத்திட்டேன். எங்கக்கா ஊறவைக்காதன்னு சொன்னா ஊறவைக்கக் கூடாது, அவ யாரையும் மதிக்காட்டியும் அவ கணக்கு தப்பாது, மோர்ல போட்டா நான் குடிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். கசப்புன்னா கசப்பு, கொடல் வரைக்கும் கசக்கு. கொஞ்சம் கொமட்டுது. ஆனா நெஞ்சு வலி கொறஞ்சிருக்குக்கா. நெசமாத்தான் சொல்லுதேன். நாளைக்குக் காலைல ரெண்டாவது."

நாள் 627. மாலை 17:55

பதிவை மறுபடி ஓட்டிக் கேட்டேன். ஊறவைக்கவில்லை.

முதல் வேளை உள்ளே போய்ப் பத்து மணி நேரம் ஆகிறது. குமட்டல் கசப்பினால் இல்லை. அது கசப்பு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு வேளையோடு நிறுத்தினால் பிழைக்கலாம். கடுமையாக இருக்கும், ஆனால் வாய்ப்பு உண்டு. இரண்டாவது வேளை போகக் கூடாது.

செய்திக்கோள் கடந்துவிட்டது. அடுத்தது நாளைக் காலை. ஒலிபரப்பியில் மின்சாரம் இல்லை.

நாள் 627. மாலை 18:20

கூடத்தின் வெப்பமூட்டிகள் எல்லாவற்றையும் அணைத்தேன். விளக்குகளையும் அணைத்தேன். என் அறையின் சூட்டையும் நிறுத்திவிட்டு வெளியுடையைப் போட்டுக்கொண்டேன். சேமிப்பில் மிச்சமுள்ள மின்சாரம் முழுவதும் ஒலிபரப்பியின் மின்கலத்துக்குப் போகிறது. காலைக்குள் ஒரு செய்திக்குப் போதுமான அளவு ஏறும்.

செடிகள் உறையத் தொடங்கிவிட்டன. அறுநூறு நாள் வளர்த்தவை. சாகட்டும். நிலவேம்பு, கீழாநெல்லி, கண்வலி, எல்லாம் சாகட்டும்.

நாள் 628. காலை 07:22

அனுப்பிவிட்டேன். இந்தத் தடவை திட்டு எதுவும் இல்லை. "திருமேனி, இரண்டாவது வேளை கொடுக்காதீர்கள். பொட்டலத்தில் பத்து மடங்கு இருக்கிறது. நீங்கள் ஊறவைப்பீர்கள் என்று கணக்குப் போட்டு ஏற்றினேன். குடித்ததை வெளியே எடுக்க என்ன முடியுமோ செய்யுங்கள். நஞ்சை உறிஞ்சக் கரி கொடுங்கள். நீர் ஏற்றுங்கள்."

மருந்து எட்டு மணிக்கு. செய்தி அதற்கு முன்பே போய்விட்டது. போயிருக்கும். பதில் மாலையில்தான் வரும்.

நாள் 628. மதியம், மணி பார்க்கவில்லை

உட்கார முடியவில்லை. பாத்திகளுக்கு நடுவே நடந்தேன். இலைகள் கறுத்துக் கண்ணாடி மாதிரி நொறுங்குகின்றன.

அவர் நல்லவர். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவர்கள் எல்லாரும் அசடுகள் என்று முடிவு கட்டி வைத்திருந்தேன். அசடு என்று நான் முடிவு கட்டிய ஒருவர் ஒரு நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் என்ன செய்வது என்று என் கணக்கில் இடமே விடவில்லை.

எட்டு மணிக்கு முன்பே போயிருக்கும்.

நாள் 628. மாலை 17:46

திருமேனி.

"மேடம்... உங்க செய்தி ஏழரைக்கு வந்துச்சு. பேச்சி ஆறரைக்கே குடிச்சிட்டா. வலி போயிடுச்சு, சீக்கிரம் குடிச்சா சீக்கிரம் எந்திரிச்சு வேலைக்குப் போலாம்னு அவளே கேட்டு வாங்கிக் குடிச்சா. வயித்தக் கழுவினேன். கரி குடுத்தேன். இப்ப ரத்தமாப் போகுது. பிரஷர் எறங்குது. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் செய்யறேன். அவகிட்ட எதுவும் சொல்லல. கெழங்கு ஒத்துக்கலன்னு மட்டும் சொல்லியிருக்கேன். உண்மைய நீங்கதான் சொல்லணும், நான் சொல்ல மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. என்னத் திட்டறதுக்கு எவ்வளவோ பேசி அனுப்பினீங்க. அதுல ஒரு வரி, பத்து மடங்குன்னு, சொல்லியிருக்கலாமே."

நாள் 628. மாலை 17:49

செய்திக்கோள் இன்னும் சில நிமிடம் தலைக்கு மேல் இருக்கும். கலத்தில் மிச்சமிருப்பது மிகக் கொஞ்சம்.

இனி நடப்பது எனக்குத் தெரியும். பாடமே எடுத்திருக்கிறேன். நாளை வாந்தி குறையும், தேறிவிட்டாள் என்று சந்தோஷப்படுவார்கள். அதன் பிறகு சிறுநீரகம். பிறகு எலும்பு மஜ்ஜை. பிறகு அவளுடைய இதயம், அதைக் காப்பாற்றத்தானே இத்தனையும். கடைசி வரை நினைவு தெளிவாக இருக்கும். இந்தச் சேர்மம் மூளையைத் தொடுவதில்லை.

பேச்சியின் பதிவு கடைசியாக வந்தது. குரல் நைந்திருக்கிறது.

"ஏக்கா, செத்த முடியல. வயிறு ஒரே போராட்டம். டாக்டர் மொகத்தப் பாத்தா இவருக்குத்தான் நோவு மாதிரி இருக்கு. மருந்த நிறுத்தச் சொல்லுதாரு. நான் ஒத்துக்கல. எங்கக்கா சொல்லட்டும், அதுவரைக்கும் பொட்டலத்த எடுத்து வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன். தலமாட்டுல வச்சிருக்கேன். அடுத்த வேளை எப்பக்கா? நீ சொல்லு, நான் குடிக்கேன்."

ஒலிபரப்பியைத் திறந்துவிட்டேன். பேசுவது இதிலும் பதிவாகும், கலம் தீரும்வரை.

"ஏட்டி பேச்சி, அக்கா பேசுதேன். அந்தப் பொட்டலத்தத் தூரப் போடு. இனி குடிக்காத. ஒனக்கு நோவு நெஞ்சுல இல்லட்டி இப்ப, நான் அனுப்புன மருந்துலதான். அவரு ஊறவைப்பாருன்னு நெனச்சு நானே பத்து மடங்கு ஏத்தி வச்சேன். அவர நம்பல. அங்க இருக்க ஒருத்தரையும் நம்பல. நீ என்ன நம்புவன்னு நான்"